குட்டி கண்ட கனவு

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இப்பகுதிக்கு என்ன எழுதுவது என்ற கவலையோடு நாம் அமர்ந்திருந்தபோது, செம்பூரில் வாழும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். வாயிற்படியிலேயே வேடிக்கை பேசத் தொடங்கிவிடும் இயல்பினர். அன்றோ, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அமர்ந்தவர் தரையையே நோக்கிக்கொண்டிருந்தார். கொடுத்த காப்பி ஆறிப்போயிற்று. நெடுநேரம் கழித்து மெல்லச் சொன்னார்:

"அண்ணா, நேற்று என் பெண்ணை அடித்துவிட்டேன்."

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பெண் அவள். நம் சங்கத்து நாடகங்களில் சிறு வேடங்கள் தாங்கிப் பலரது பாராட்டையும் பெற்றவள். கைப்பேசியில் தன் நடிப்பைச் சிறு சிறு படங்களாகப் பிடித்து வெளியிட்டு வந்திருக்கிறாள். அவற்றைக் கண்டதாகக் கூறி முகமறியாத ஒருவர் அவளுக்கு எழுதியிருக்கிறார். சென்னையில் புதிய படம் ஒன்றுக்குப் புதுமுகம் தேடுகிறார்களாம். இவள் முகம் மிகவும் பொருத்தமாம். புகைப்படத் தொகுப்புக்கும் தேர்வுக்குமாக முப்பதாயிரம் ரூபாய் முன்னதாக அனுப்பிவிட்டு உடனே புறப்பட வேண்டுமாம். பெண்ணோ, பாட்டி கொடுத்த சங்கிலியை விற்றுப் பணம் அனுப்பத் துணிந்துவிட்டாள். தற்செயலாகத் தாய் அறிந்தாள். தந்தை கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவள் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்த நடிகர் ஒருவரின் படத்தைக் கிழித்தார். தடுக்க வந்தவளைக் கை நீட்டி அடித்துவிட்டார். அப்பொழுதிலிருந்து அவள் உண்ணவில்லை. ஒரு சொல் பேசவும் இல்லை.

"நீங்கள்தான் அவளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார் அன்பர்.

நாலு வார்த்தை சொல்வது நமக்குப் புதிதன்று. இப்பகுதியில் திங்கள்தோறும் நாம் செய்துவருவது அதுதானே! ஆயினும் அன்று நம் வாய் எழவில்லை. காரணத்தை நேயர்களிடம் மறைப்பானேன்? நாமும் பதின்மூன்றாம் வயதில் சென்னை நடிகர் ஒருவருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியவர்தாம். பதிலாக வந்த படத்தில் இருந்தது அச்சிட்ட கையெழுத்து என்பதை அறியாமல், அதைக் கந்தர் சஷ்டி கவசப் புத்தகத்துக்குள் வைத்துப் போற்றியவர்தாம். மாட்டுங்காவில் அரோரா திரையரங்கின் வாயிலில் கால் கடுக்க நின்று, டிக்கெட் கிடைத்ததும் உலகையே வென்றதுபோல் மகிழ்ந்தவர்தாம். ஊரை விட்டு வந்த நம்போன்ற குடும்பங்களுக்குச் சினிமா வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. தெருவில் மராத்தியும், அலுவலகத்தில் ஆங்கிலமும், கடையில் இந்தியும் பேசிக் களைத்த செவிக்கு, மூன்று மணி நேரம் தமிழ் கேட்கும் இடம் அது. நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் கற்றதும் பாடப் புத்தகத்தில் அன்று, படப் பாட்டில்தான். ஊட்டி வளர்த்தவர்கள் நாமே; பசி மிகுந்துவிட்டது என்று அடிப்பதும் நாமே!

ஆகவே அறிவுரையை ஒத்திவைத்தோம். "மாலையில் மூவரும் வாருங்கள், ஒரு பழைய இந்திப் படம் பார்ப்போம்" என்றோம். சினிமாவால் வந்த நோய்க்குச் சினிமாவா மருந்து என்பதுபோல் அன்பர் நம்மைப் பார்த்தார். எனினும் மாலையில் வந்தார்கள். பெண் கண்கள் வீங்கிய முகத்தோடு, தாயின் பின்னால், தந்தையிலிருந்து எட்டத்தில் அமர்ந்தாள்.

நாம் போட்ட படம் 1971-ஆம் ஆண்டில் ஹிருஷிகேஷ் முகர்ஜி இயக்கிய 'குட்டி'. இந்தியில் அச்சொல் பொம்மையைக் குறிக்கும்; பெண் குழந்தையைக் கொஞ்சி அழைக்கவும் வழங்கும். நம் எழுத்தில் அதை எழுதினால் நம் வீட்டுச் சிறுபெண்ணின் செல்லப் பெயராகவே ஆகிவிடுகிறது. குல்சார் எழுதிய கதை. வசந்த் தேசாயின் இசை. சினிமா உலகத்தை எள்ளி நகையாடும் படங்கள் பல உண்டு. நம் தமிழிலேயே 1964-இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை'யில், 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' செல்லப்பாவாக நாகேஷ் செய்த அட்டகாசத்தை மறந்தவர் யார்? ஆனால் அத்தகைய கேலி பெரும்பாலும் படம் எடுப்பவரை நோக்கியது. 'குட்டி'யின் கேலி, படம் பார்ப்பவரை நோக்கியது. அதில் அகப்பட்டுக்கொள்பவர்கள் நாமே.

குஸும் என்னும் குட்டி ஒரு பள்ளி மாணவி. காலை வழிபாட்டுக்குக் காலந்தாழ்ந்து வருபவள். சினிமாப் பத்திரிகைகளைப் பாடமாகப் படிப்பவள். பெரியவர்களிடமும் படத்து வசனமாகவே பேசுபவள். அவள் உள்ளத்தில் குடியிருப்பவர் நடிகர் தர்மேந்திரா. படத்தில் தர்மேந்திரா தர்மேந்திராவாகவே வருகிறார். அண்ணியின் தம்பியான நவீன் அவளை மணக்க விரும்பித் தன் உள்ளத்தைத் திறந்து சொல்லும்போது, தன் மனம் தர்மேந்திராவுக்கே உரியது என்கிறாள் குட்டி. கண்ணனிடம் மீரா கொண்ட பக்தியைப் போன்றது தன் அன்பு என்பது அவள் எண்ணம். நாம் சிரிக்கிறோம். ஆனால் அப்பெண்ணின் முகத்தில் தெரியும் உறுதியைக் கண்டபின் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது உண்மை.

நவீன் தன் தாய்மாமனிடம் சென்று முறையிடுகிறான். அவர் பேராசிரியர், மனத்தின் போக்கை அறிந்தவர். உத்பல் தத் அவ்வேடத்தை ஏற்றிருக்கிறார். இவ்விடத்தில் நம் அன்பர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டோம். பேராசிரியர் பெண்ணைத் திட்டவில்லை. படம் பார்க்கக் கூடாதென்று தடுக்கவும் இல்லை. நேரே தர்மேந்திராவிடம் சென்று, அவர் துணையை நாடுகிறார். குட்டியைப் படப்பிடிப்புக் கூடத்துக்குள்ளேயே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்கிறார். மயக்கம் பிறந்த இடத்துக்கே சென்று மயக்கம் தெளியட்டும் என்பது அவர் முறை.

உள்ளே குட்டி என்ன காண்கிறாள்? திரையில் கதாநாயகன் செய்யும் வீரச் செயலை, முகம் தெரியாத வேறொருவர் தம் உடலைப் பணயம் வைத்துச் செய்கிறார். திரையில் கொடியவராகக் கண்டு அஞ்சிய பிராண், நேரில் பண்பே உருவான மனிதராய் இருக்கிறார். அவரை நம்ப அவளுக்குத் துணிவு வரவில்லை! கதாநாயகனாகும் கனவோடு ஊரை விட்டு ஓடிவந்த இளைஞன் ஒருவன், துணைநடிகர் கூட்டத்தில் ஒருவனாக நின்று சிறுமைப்படுகிறான். அவனாக நடித்தவர் அஸ்ரானி. நகைச்சுவை நடிகரென்று நாடு பின்னாளில் கொண்டாடிய அவர், இச்சிறு வேடத்தில் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவே நம்மை நிறுத்திவிடுகிறார்.

பிறகு வருவதுதான் படத்தின் உயிர்நிலை. தீப்பற்றி அழிந்து பாழாய்க் கிடக்கும் படப்பிடிப்புக் கூடம் ஒன்றைத் தர்மேந்திரா குட்டிக்குக் காட்டுகிறார். பிமல் ராய் போன்ற பெருங்கலைஞர் பணியாற்றிய இடம் அது. எத்தனையோ பேர் வியர்வை சிந்திய அவ்விடத்தில் இன்று கருகிய சுவர்கள் நிற்கின்றன. பெயர் சொல்லவும் ஆளில்லை. இவ்வளவு பேருடைய உழைப்பும் சேர்ந்துதான் ஒரு முகத்துக்கு ஒளி தருகிறது என்பதைப் பெண் அங்கே உணர்கிறாள்.

இக்காட்சி வெறும் கற்பனையன்று என்பதை நேயர்கள் அறிய வேண்டும். ஹிருஷிகேஷ் முகர்ஜி, கல்கத்தாவிலிருந்து பிமல் ராயுடன் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர். 1953-இல் வெளிவந்த 'தோ பீகா ஜமீன்', 1958-இல் வெளிவந்த 'மதுமதி' ஆகியவற்றுக்குப் படத்தொகுப்புச் செய்தவர் அவரே. தர்மேந்திராவோ பஞ்சாபிலிருந்து வந்தவர். இளமையில் திலீப் குமாரின் தீவிர ரசிகர். 1963-இல் பிமல் ராயின் 'பந்தினி'யில் நடித்தவர். பிமல் ராய் 1966-இல் மறைந்துவிட்டார். ஆகவே அப்பாழிடத்தில் அவர்கள் செலுத்தியது தம் ஆசானுக்குரிய அஞ்சலியே. பிழைப்பைத் தேடியும் கலையைத் தேடியும் வேற்றூரிலிருந்து இந்நகருக்கு வந்தவர்கள் நாம் மட்டும் அல்லர். கனவுத் தொழிற்சாலையைக் கட்டியவர்களுள்ளும் குடிபெயர்ந்து வந்தோர் பலர்.

புகழ் என்பது என்ன என்பதற்கு, இப்படம் உருவான கதையிலேயே ஒரு வேடிக்கை உண்டு. நவீன் வேடத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அமிதாப் பச்சன். அதே 1971-இல் முகர்ஜியின் 'ஆனந்த்' வெளிவந்தது. நட்சத்திரத்துக்கு எதிரே நிற்க வேண்டிய எளிய இளைஞன் வேடத்துக்கு, மக்கள் அறிந்துவிட்ட முகம் பொருந்தாதென்று, வங்காள நடிகர் சமித் பஞ்சாவை அமர்த்தினார்கள். வாய்ப்புக் கிட்டாததால் வேடம் இழந்தவர் ஆயிரம் பேர். புகழ் கிட்டியதால் வேடம் இழந்தவர் இவர்!

படம் ஓடிக்கொண்டிருந்தது. மழை மேகத்தை அழைக்கும் அந்தப் புகழ்பெற்ற பாட்டு வந்தபோது, பெண் முதன்முறையாக வாய் திறந்தாள்.

"மாமா, இது யார் பாடியது?"

"நம் ஊர்க்காரர்தான் அம்மா. வாணி ஜெயராம்" என்றோம்.

அவள் வியப்போடு தாயைப் பார்த்தாள். நமக்குப் பேச ஒரு வழி கிடைத்தது. 1945-இல் வேலூரில் கலைவாணி என்ற பெயரோடு பிறந்தவர். கருநாடக இசை கற்றவர். ஸ்டேட் வங்கியில் அலுவல் பார்த்தவர். திருமணமாகிப் பம்பாய்க்குக் குடிவந்தவர். இங்கு வந்தபின், தெரிந்த வித்தை போதுமென்று இருந்துவிடாமல், உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் மாணவியாக அமர்ந்து இந்துஸ்தானி இசையைப் பயின்றவர். அந்தப் பயிற்சியின் பயனே வசந்த் தேசாயின் மெட்டில் நாம் கேட்கும் குரல். அவரை இந்தித் திரை உலகுக்கு அறிமுகம் செய்த படம் 'குட்டி'யே. அதில் அவர் பாடிய வழிபாட்டுப் பாடல், வடநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் உண்மையாகவே வழிபாட்டுப் பாடலாகிவிட்டது. பின்னர்ப் பாடகிக்குரிய தேசிய விருதை மூன்று முறை பெற்றார். 2023-இல் மறையும்வரை பாடல் என்றால் அவர், அவர் என்றால் பாடல். திரையில் வாயசைத்த பெண்ணின் முகத்தை எல்லாரும் அறிவர். அக்குரல் நம் போன்ற ஒரு தமிழ்க் குடும்பத்துச் சமையலறையிலிருந்து புறப்பட்டது என்பதை எத்தனை பேர் அறிவர்?

பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அம்மா நீட்டிய தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டாள். தந்தை அதைக் காணாததுபோல் திரையை நோக்கினார்.

படம் முடிந்தது. குட்டியின் மயக்கம் தெளிகிறது, நவீனை ஏற்றுக்கொள்கிறாள், எல்லாம் சுபம். நம் அன்பர் முகத்திலும் ஒரு நிம்மதி. "பார்த்தாயா, அம்மா?" என்று தொடங்கினார். அவரை முடிக்கவிடாமல் பெண் கேட்ட கேள்வியை நாம் எளிதில் மறக்கமாட்டோம்.

"குட்டிக்குச் சினிமா பிடித்தது. எல்லாரும் சேர்ந்து அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். அவள் என்ன ஆக ஆசைப்பட்டாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே, மாமா?"

அன்பர் நம்மைப் பார்த்தார். நாம் கூரையைப் பார்த்தோம். இப்படத்தை இளமையில் பார்த்தோம்; நடுவயதில் பார்த்தோம்; பிறருக்கும் பரிந்துரைத்தோம். இக்கேள்வி நமக்கு ஒருமுறையும் தோன்றியதில்லை. அவ்வளவு அறிவுடைய பேராசிரியருக்கும் தோன்றவில்லை. மயக்கத்தை மணத்தால் தீர்ப்பது அக்காலத்து மருத்துவம். ஆனால் சினிமாவின் மேல் கொள்ளும் ஆசை எல்லாம் நடிகர்மேல் கொள்ளும் மயக்கமாகிவிடுமா? தொழிலின்மேல் கொள்ளும் ஆசையும் அதனுள் கலந்திருக்கக் கூடுமன்றோ?

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதை அவளிடம் மறைப்பது நேர்மையாகாது என்று தோன்றியது, சொன்னோம். 'சினிமா மயக்கம் வேண்டாம்' என்று கதை சொல்லும் இப்படத்தில் குட்டியாக நடித்த ஜெயா பாதுரி யார்? சிறுமியாய் இருந்தபோதே சத்யஜித் ராயின் 'மகாநகர்' படத்தில் நடித்தவர். பிறகு புனேயில் உள்ள திரைப்படக் கல்விக்கழகத்தில் சேர்ந்து, முறையாக நடிப்புப் பயின்றவர். அஸ்ரானியும் அங்கே பயின்றவரே. ஆக, குட்டியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய படமே, குட்டியாக நடித்த பெண்ணை நடிகையாக நாட்டுக்குத் தந்தது! கதையில் வாயில் மூடியது, வாழ்க்கையில் திறந்தது. ஆனால் அவ்வாயிலுக்கு முன்னே பயிற்சி என்ற படிக்கட்டு இருந்தது. முப்பதாயிரம் ரூபாயோடு முகமறியாதவர் காட்டும் புழக்கடை வழியாக அவர் வரவில்லை.

"வேலை தருபவர் உனக்குக் கூலி கொடுப்பாரா? உன்னிடம் கூலி கேட்பாரா?" என்று மட்டும் கேட்டோம்.

அவள் சிறிது நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "நானே அவருக்கு எழுதிவிடுகிறேன், பணம் அனுப்ப முடியாது என்று" என்றாள். அன்பர் எழுந்தார். தடை சொல்லப் போகிறார் என்று நாம் அஞ்சினோம். அவர் சட்டைப் பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்துப் பெண்ணிடம் நீட்டினார். "அடித்தது தப்பு அம்மா" என்றார். அவ்வளவே. சாவியை வாங்கிக்கொண்டபோது அவள் அழுதாள்.

இத்துடன் எல்லாம் சுபம் என்று எழுதினால் நாமும் சினிமாக் கதை எழுதியவராவோம். உண்மை அதுவன்று. அவள் ஆசை அப்படியே இருக்கிறது. தேர்வு முடியட்டும், பட்டம் பெறட்டும், அதன் பின்னும் உறுதி இருந்தால் புனேயில் தேர்வு எழுதட்டும் என்பது தாயின் கட்சி. தந்தைக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. பணம் கேட்ட ஆசாமி, இவள் மறுத்து எழுதியதும் மறுமொழி இன்றி மறைந்துவிட்டார். அதுவே அவள் பெற்ற முதற்பாடம். முப்பதாயிரம் ரூபாய் செலவின்றிப் பெற்ற பாடம்.

'குட்டி' 1975-இல் 'சினிமா பைத்தியம்' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. முக்தா சீனிவாசன் இயக்கினார். ஜெயசித்ரா சினிமாப் பித்துக்கொண்ட பெண்ணாகவும், ஜெய்சங்கர் ஜெய்சங்கராகவும் நடித்தார்கள். இளைஞரான கமல்ஹாசனும் அதில் உண்டு. இந்தி புரியாத பாட்டிமார்களோடு அதைப் பார்க்கலாம். தர்மேந்திரா 2025 நவம்பரிலும், அதற்கு முந்தைய திங்களில் அஸ்ரானியும் மறைந்தார்கள். அவர்களுக்காகவேனும் ஒருமுறை மூலப் படத்தையும் பாருங்கள்.

பார்க்கும்போது பிள்ளைகளை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியல் ஓடும்போது வேறு பக்கம் திரும்பிவிடாதீர்கள். அதுதான் தையற்காரரும், தச்சரும், விளக்குத் தூக்கியவரும், பின்னணி பாடியவரும் நம் கண்முன் தோன்றும் ஒரே நேரம். பேராசிரியர் குட்டிக்குக் காட்டியதை நம் வீட்டுக் கூடத்திலேயே நாம் காட்டிவிடலாம். நட்சத்திரத்தைப் பார்க்காதே என்றால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். அதைச் சுற்றியுள்ள இருட்டில் எத்தனை கைகள் வேலை செய்கின்றன பார் என்றால் கேட்பார்கள்.

அதன் பின், நம் செம்பூர்ப் பெண் கேட்ட கேள்வியை நாமே முந்திக்கொண்டு அவர்களிடம் கேட்டுவிடுவோம்: "நீ என்ன ஆக ஆசைப்படுகிறாய்?" விடை நமக்குப் பிடிக்காமலும் போகலாம். கேட்காமல் விட்டால், முகமறியாத ஒருவர் கேட்பார். அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொள்வார்.